காடி வெட்டுகிறவனும் கையெழுத்துப் போடுகிறவனும்

நம் சேரிப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு எடுத்து இரண்டு வருஷம் படித்து வெளியே வருகிறார்கள். வந்தவுடன் கான்ட்ராக்டர் கையில் கொடுப்பது உளியும் சுத்தியலும்தான். சுவரில் காடி வெட்டு, பைப்பைப் பதி, ஒயரை இழு. மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே பையன், அதே காடி. போர்டில் இணைப்புக் கொடுப்பவன் இன்னொருத்தன். மின்வாரியத்துக்குப் போகிற டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் வேறொருத்தர். பல இடங்களில் அவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்.

‘கைவேலை தெரிஞ்சாப் போதும், பொழச்சுக்குவான்’ என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். நம் கையை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு, அளப்பதையும் கணக்குப் போடுவதையும் தாங்கள் எடுத்துக்கொள்வது புதுசா என்ன?

எர்த்தையே பாருங்கள். குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டுவது நம் பையன். அது வேலை செய்கிறதா என்று டெஸ்டர் வைத்து அளக்க அவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை. குழியே தோண்டாமல், மூணு பின் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. ‘லைட் எரியுதுல்ல, அப்புறம் என்னடா?’ பின்னால் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் பிரிட்ஜின் உடம்பிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். தொட்ட பிள்ளை சாகும். பழி ஒயர் முறுக்கியவன் தலையில் விழும். ஏன் கூடாது என்று காரணம் தெரிந்த பையனால்தான் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியும்.

ஆகவே பிள்ளைகள் கேட்டு வாங்க வேண்டிய பாடம் வேறு. டெஸ்டர் சிவப்பாக எரிவது மட்டும் சோதனையாகாது. 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு ஆர்.சி.சி.பி. விழுகிறதா பார்க்க வேண்டும். வரைபடம் படிக்க வேண்டும். லோடு கூட்டி, ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று முடிவு பண்ணி எஸ்டிமேட் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன். எஸ்டிமேட் எழுதத் தெரியாதவன் தலை நரைத்தாலும் தினக்கூலிதான். மெக்கர் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால், திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். ஐ.டி.ஐ. சான்றிதழ் வேறு, மின் உரிம வாரியம் தருகிற வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றுகள் வேறு. இது தெரியாமலே பத்து வருஷம் காடி வெட்டியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

இதெல்லாம் வந்தால் சாதி ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடுப்படிக்கு ஒயர் இழுக்க மட்டும் ‘வேற ஆள அனுப்புங்க’ என்கிற ஊர்த்தெரு வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற இடத்தில் நம் ஆள் உட்கார வேண்டாமா? 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

என்ஜினியரிங் படிக்கிற நம் மாணவத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேரிக்கு வரட்டும். ஐ.டி.ஐ. முடித்த பையன்களோடு உட்கார்ந்து, ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டுப் பழக்கட்டும். வாரியத்துக்கான விண்ணப்பத்தையும் கையோடு எடுத்து வரட்டும்.