கேமராவை எடுப்பதற்கு முன்



விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. புராஜெக்டுக்கு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும், பாட்டு தயார், கதைதான் கிடைக்கவில்லை என்கிறார்கள். எந்த கேமராவை வாடகைக்கு எடுக்கலாம் என்றும் கூடவே கேட்கிறார்கள். கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் பாட்டைக் கேளுங்கள், கையில் பேனாவோடு. பல்லவி எங்கே திரும்புகிறது, தாளம் எங்கே ஓய்கிறது, இடையிசை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று விநாடிக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் நான்கு பீட் கடக்க 2 விநாடி. எடிட்டிங்கில் வெட்டு எங்கே விழும் என்பது அந்தத் தாளிலேயே பாதி தெரிந்துவிடும். கதைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தெரியும். சந்திப்பு, காதல், பிரிவு, விபத்து என்று ஒரு முழுப் படத்தையே நான்கு நிமிடத்தில் அடைக்கும்போது பாட்டு வெறும் பின்னணி ஓசையாகிவிடுகிறது. ஓர் ஆள், ஓர் இடம், ஒரு மாற்றம்: இதற்கு மேல் அந்த நான்கு நிமிடம் தாங்காது என்பது என் கருத்து.

அந்த ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 2017-இல் வந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்' பலருக்கு நினைவிருக்கும். கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. கர்நாடக இசைக் கலைஞரைச் சபா மேடையில் உட்காரவைக்காமல் எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அனல்மின் நிலையச் சாம்பலால் கெட்டுப்போன அந்த நீர்நிலையின் அருகே, முகமூடி அணிந்து அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கணமே பாட்டு யாருக்காக, எதற்காக என்று புரிந்துவிடுகிறது.

காசு இல்லையே என்று தயங்குகிறவர்கள் 1965-இல் பாப் டிலன் 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்' பாட்டுக்குச் செய்ததைத் தேடிப் பாருங்கள். டிலனைப் பற்றிய டி.ஏ. பென்னிபேக்கரின் ஆவணப்படம் அந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. லண்டனில் சவாய் ஹோட்டலை ஒட்டிய சந்து. டிலன் வாயசைக்கவே இல்லை. பாட்டின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போடுகிறார். ஒரே ஷாட், வெட்டு கிடையாது. செலவு அட்டைக்கும் மைக்கும்தான். யோசனை மட்டும் முழுசாக இருந்தது.

காட்சிப் பாணி என்றதும் கலர் டோனும் ட்ரோன் ஷாட்டும் நினைவுக்கு வருகின்றன. பாணி என்று நான் சொல்வது, எடுப்பதற்கு முன்பே நீங்கள் வகுத்துக்கொண்டு கடைசிவரை மீறாத ஒரு விதியை. 1985-இல் 'ஆ-ஹா' குழுவின் 'டேக் ஆன் மீ' வீடியோவில், காமிக்ஸ் புத்தகத்துக்கு உள்ளே பென்சில் கோடு, வெளியே நிஜ உலகம் என்பதுதான் விதி. நடிகர்களைப் படமெடுத்து, பிரேம் பிரேமாக அதன்மேல் கையால் வரைந்தார்கள். நாயகி கோட்டைத் தாண்டி உள்ளே போகிறாள். கதையையும் பாணியையும் அங்கே பிரிக்கவே முடியாது.

படப்பிடிப்பு நாளுக்கு இரண்டு விஷயம். பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஒலிக்கவிட்டு, பாடகரை வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். வெறும் வாயசைப்பில் கழுத்து நரம்பு எழும்பாது; பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். ஸ்லோ மோஷனில் உதடு பொருந்த வேண்டுமானால், விநாடிக்கு 50 பிரேமில் எடுக்கும்போது பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிடுங்கள். 25-க்குக் குறைத்து ஓட்டும்போது பாட்டும் உதடும் சேரும். வேகமாக்கிய அந்த ஒலிக்கோப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். லொகேஷனில் நின்றுகொண்டு இதை யோசிக்க முடியாது.

இந்த ஆண்டு வீடியோ எடுக்கப்போகிறவர்கள் உங்கள் ஸ்டோரிபோர்டை எங்களுக்கு அனுப்புங்கள். குச்சி மனிதர்கள் போதும், ஓவியத் திறமையைப் பார்க்கப்போவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே பாட்டின் நிமிடத்தையும் விநாடியையும் எழுதுங்கள். பாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்டுக்கொண்டேதான் அதைப் புரட்ட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்