துவக்குக் கணக்கும் ஊர்க் கணக்கும்

திருகோணமலையில கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுற பெடியளிட்ட 'எது நல்ல துவக்கு?' எண்டு கேட்டால், பாதிப்பேர் ஒரேயொரு இலக்கத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவினம். அது பிழையான வாசிப்பு என்பது எங்கள் கருத்து.

ஏ.கே.-47 இன் அடிப்படை டமேஜ் 36, வேகம் நிமிடத்துக்கு 600 ரவை. எம்4ஏ4 இன் டமேஜ் 33, வேகம் 666. டமேஜில் வித்தியாசம் வெறும் மூன்று, வேகத்தில் எம்4 முன்னுக்கு. அப்ப எம்4 தானே திறம்?

இல்லை. எதிராளியின் உயிர் 100. கவசம் இல்லாத மார்பில், கிட்ட நின்று ஏ.கே.யால் சுட்டால் மூன்று ரவை போதும்: 108. எம்4 இன் மூன்று ரவை 99. ஒரேயொரு புள்ளி மிஞ்ச, நாலாவது ரவை வேணும். நேரத்தைப் பார்த்தால் ஏ.கே.க்கு 0.2 செக்கன், எம்4க்கு 0.27 செக்கன். வேகமான துவக்குத்தான் பிந்துது.

தலைக்கு வைத்தால் டமேஜ் நாலு மடங்கு. ஆனால் தலைக்கவசம் இருந்தால் ஏ.கே.யில் 77.5 வீதமும் எம்4 இல் 70 வீதமும்தான் உள்ளே போகும். ஏ.கே.க்கு 111, ஆள் முடிஞ்சுது. எம்4க்கு 92, ஆள் தப்பிட்டான். ஆகவே எந்த இலக்கத்தைக் கண்டாலும் எங்க பட்டது, கவசம் இருந்ததா, எத்தனை ரவையில் 100 தாண்டும் என்று கேட்க வேணும். சராசரி வருமானம், பரீட்சைச் சித்தி வீதம் என்று எவர் இலக்கம் காட்டினாலும் இதே மாதிரித் துருவிக் கேட்கிற பழக்கம் நல்லது.

'இந்த ஊரில துவக்கு விளையாட்டா?' என்று பெரியாக்கள் கேட்கினம். அந்தக் கேள்வியைச் சிரிச்சுத் தள்ள எங்களால் முடியாது. விளையாட்டில் ஒருவர் விழுந்த உடனே, ஆர் சுட்டது, எந்தத் துவக்கால் சுட்டது என்று திரையின் வலது மேல்மூலையில் எழுதிக் காட்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கட கடற்கரையில், காந்தி சிலையடியில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கணக்கை இன்னும் ஒருவரும் முடித்துக் காட்டவில்லை.

விளையாட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விளையாடுங்கோ, கணக்கைச் சரியாப் படியுங்கோ. தம்பி தங்கச்சிமாருக்கு டமேஜ் அட்டவணை சொல்லிக் குடுக்கிற நாங்கள், அந்த ஐந்து பேரின் கதையையும் சொல்லிக் குடுப்பம். இன்னொன்று, ஹெட்போனைப் போட்டு விளையாடுங்கோ. அடுத்த அறையில் இருக்கிற அம்மம்மாவுக்கு அந்தச் சத்தம் விளையாட்டுச் சத்தமாக் கேக்காது.