கம்பளம் வாங்கியாயிற்று, உதறுவது யார்?

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சிய கையோடு சோபாவுக்கு முன்னால் ஒரு புசுபுசு கார்ப்பெட் வாங்கிப் போடுவது இப்போது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. கடையில் அதை விரித்துக் காட்டும்போது யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். கையை உள்ளே விட்டால் விரல் மறைகிறது. கால் வைத்தால் அமுங்குகிறது. கூட வந்த குழந்தை அதன்மேல் உருள ஆரம்பித்துவிட்டால் பேரம் முடிந்த மாதிரிதான். இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் "வேக்குவம் போட்டா போதும் சார்" என்று பதில் வரும்.

போதாது. ஏன் என்று பார்ப்போம்.

முடி நீண்ட கம்பளங்கள் குளிர் தேசத்துச் சமாச்சாரம். ஸ்வீடன், பின்லாந்து பக்கம் 'ரியா' என்று ஒன்று உண்டு. அது முதலில் தரையில் விரிப்பதற்கானதே அல்ல, குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுப்பதற்கானது. கிரீஸ் நாட்டின் பிண்டஸ் மலைப்பகுதியில் 'ஃப்ளொகாட்டி' நெய்கிறார்கள். நெய்து முடித்ததும் மலை ஆற்றின் ஓடும் தண்ணீரில் போட்டுச் சுழல விடுவார்கள், அப்போதுதான் கம்பளி முடி உப்பிக்கொண்டு நிற்கும். வடக்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கம்பளத்தை எடுத்துப் போய் உலர்ந்த பனியில் குப்புறப் போட்டு அடிக்கிற வழக்கம் உண்டு. தூசி பனியில் இறங்கிவிடும். நமக்கு அந்தப் பனியும் இல்லை, அந்த ஆறும் இல்லை. நம் ஊருக்கென்று இருந்தது பவானி ஜமக்காளம். அதில் முடியே கிடையாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து நாலு உதறு உதறினால் வேலை முடிந்தது. யாரோ யோசித்துத்தான் அப்படி நெய்திருக்கிறார்கள்!

புசுபுசு கார்ப்பெட்டில் முடியின் நீளம் சாதாரணமாக ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும். மேலே விழுகிற தூசி மேலேயே தங்காது. நடக்க நடக்க அடிக்கு இறங்கி, முடி வேர்விடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் மேலே பளிச்சென்று இருக்கிற கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே தரையில் மாவு கொட்டியது போல் மண் கிடக்கிறது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் வேக்குவம் கிளீனர் முடியின் மேல் பாதியைத்தான் உறிஞ்சும். சுழலும் பிரஷ் வைத்த மாடலாக இருந்தால் இன்னும் மோசம், நீள முடியைச் சுற்றி இழுத்துப் பிய்த்துவிடும். தானாக ஓடும் ரோபோ வேக்குவமும் இதன்மேல் ஏறினால் பெரும்பாலும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அந்தத் தூசியில் நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள் இருக்கின்றன. அவற்றைத் தின்று வாழ்கிற தூசிப் பூச்சிகள் கண்ணுக்குத் தெரியாது, நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொள்கின்றன. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஈரப்பதம் 60-க்கும் மேலே! அவற்றின் கழிவுதான் பலருக்குத் தும்மலையும் வீசிங்கையும் கிளப்பிவிடுகிறது. வீட்டில் இழுப்பு இருக்கிற குழந்தையோ பெரியவரோ இருந்தால் இந்தக் கார்ப்பெட் வேண்டவே வேண்டாம். இதில் சமாதானம் பேச இடமில்லை.

அப்படி யாரும் இல்லை, வாங்கியும் ஆயிற்று என்றால் சுத்தம் செய்யும் முறை இதுதான். வாரம் ஒரு முறை கார்ப்பெட்டைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டும். பின்பக்கத்தைக் கையாலோ மட்டையாலோ நன்றாகத் தட்ட வேண்டும். வேக்குவம் இருந்தால் பின்பக்கத்திலேயே ஒரு முறை ஓட்டலாம், அதிர்வில் மண் கீழே இறங்கும். பிறகு தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தரையைப் பெருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முன்பக்கம். அங்கே பிரஷ் இல்லாத முனையை மாட்டி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே மெல்ல இழுக்க வேண்டும். மாதம் ஒரு முறை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உதறிக் காய வைப்பது நல்லது. நேர் வெயில் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் சாயம் வெளுக்கும், பின்னால் பூசியிருக்கும் ரப்பர் வெடிக்கும். (பால்கனியில் தொங்கவிட்டு அடிக்கிறவர்கள் கீழ் வீட்டுக்காரர் துணி காயப் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடிக்கவும்.)

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. இப்போது எடையைப் பாருங்கள். கார்ப்பெட்டின் சீட்டில் ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அர்த்தம். 2,000 ஜி.எஸ்.எம். உள்ள 5-க்கு 8 அடி கார்ப்பெட் ஏறக்குறைய 3.7 சதுர மீட்டர். அதாவது ஏழரை கிலோ, அதுவும் காய்ந்திருக்கும்போது. பிடிக்க வசதியில்லாத, தொய்ந்து விழுகிற ஏழரை கிலோ. வாராவாரம் இதைத் திருப்பப் போவது யார்?

கார்ப்பெட் ஆசைப்பட்டது பெரும்பாலும் பையனாகவோ பெண்ணாகவோ வீட்டுக்காரராகவோ இருக்கும். திருப்புவது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி என்றால் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அவரிடம் சம்பளம் பேசியபோது பெருக்க, துடைக்க, பாத்திரம் தேய்க்க என்றுதான் பேசியிருப்பார்கள். கார்ப்பெட் பிறகு வந்தது. "அதையும் அப்படியே கொஞ்சம் தட்டிப் போட்டுடு" என்று ஒரு வரியில் வேலை கூடிவிடும், சம்பளம் கூடாது. தூசியை மூக்கில் வாங்கிக்கொள்வதும் அவர்தான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வாங்கிய விலை மூலதனச் செலவு, ஒரு முறையோடு போயிற்று. பராமரிப்பு வருவாயினச் செலவு, வருடா வருடம் வரும். இங்கே அந்த இரண்டாவது செலவு எந்தக் கணக்கிலும் ஏறாமல் இன்னொருவர் முதுகில் ஏறுகிறது. ஆசைப்பட்டவரே திருப்பட்டும், முடியாதென்றால் அந்த வேலைக்குத் தனியாகப் பேசிக் காசு கொடுக்கட்டும். இரண்டும் முடியாது என்கிறவர்கள் 3-க்கு 5 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே ஜி.எஸ்.எம்.மில் அது மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிடலாம்.

அடுத்தது கறை. காபி, டீ கொட்டினால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை உள்ளே போகும், முடியும் திரித்துக்கொள்ளும். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீர் தொட்டு ஒற்ற வேண்டும். சாம்பார்தான் பெரிய வில்லன். கொட்டியதும் பதறிப்போய் சோப்பையோ ஆப்பசோடாவையோ போடுவார்கள், மஞ்சள் கறை செக்கச் செவேலென்று ஆகிவிடும்! பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்த அதே கதைதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். தண்ணீர் கலந்த வினிகரை ஒற்றினால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மிச்ச மஞ்சளை வெயில் வெளுக்கும், அந்த இடம் மட்டும் வெயில் படும்படி வைத்தால் போதும். பிளீச்சிங் திரவம் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், கம்பளி முடியை அது கரைத்தே விடும்.

முழுதாகக் கழுவுவதில்தான் நிறைய கார்ப்பெட்கள் உயிரை விடுகின்றன. வாங்கும்போதே எந்த இழை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலின் தண்ணீருக்கு அசராது. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிச் சடையாகிவிடும். பட்டு மாதிரி மினுங்குகிற விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழந்துவிடும், அதை வீட்டில் கழுவவே கூடாது. எதுவானாலும் ஒன்று, இரண்டு நாளுக்குள் அடி வரை காய்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை வரும், பிறகு அந்த வாடை எத்தனை ஷாம்பு போட்டாலும் போகாது. வீட்டுக்கு வந்து கழுவித் தருகிறவர்களிடமும் தண்ணீரை மெஷினால் உறிஞ்சி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவும் யோசனையே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் சுருட்டி வைத்துவிடுவது உத்தமம். நன்றாகக் காய வைத்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றி, தரையில் படாமல் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளேயே வியர்த்துவிடும். கம்பளியாக இருந்தால் கூடவே நாலு அந்துருண்டை. பாலியஸ்டருக்கு அந்தச் செலவும் தேவையில்லை, அந்துப்பூச்சி கம்பளியைத்தான் தின்னும், பிளாஸ்டிக்கைத் தொடாது.