பல் சிகிச்சைக்குப் போகிறீர்களா? இந்த 4 விஷயங்களைக் கவனியுங்கள்!

பல் சிகிச்சைக்குப் போய் உயிரே போகுமா? திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023-ல் அப்படித்தான் நடந்தது. ஒரே பல் கிளினிக்குக்குப் போன 8 பேர், மூளையைத் தாக்கிய 'மெலியோய்டோசிஸ்' என்ற பாக்டீரியா தொற்றால் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு கைகாட்டியது, ஒரு சலைன் பாட்டிலை! சிகிச்சைக்குப் பயன்படும் கருவியாலேயே அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அதனால், நாற்காலியில் சாய்வதற்கு முன்...

1. சலைன்: உங்களுக்கென்று புது பாட்டில் திறக்கிறார்களா? ஏற்கெனவே திறந்தது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. கருவிகள்: சீல் வைத்த பையிலிருந்து உங்கள் கண்முன் எடுக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமிகளும் சாகாது. ஆட்டோகிளேவில், 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் குறைந்தது 15 நிமிடங்கள் வைக்க வேண்டும்.

3. கையுறை, ஊசி: ஒவ்வொருவருக்கும் புதிது. அணிந்த கையுறையோடு செல்போனைத் தொட்டால், மாற்றச் சொல்லலாம்.

4. உங்கள் பங்கு: சர்க்கரை நோய், இதயப் பிரச்னை, மருந்து அலர்ஜி, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், முகக்கோணல் வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல் சிகிச்சை செய்துகொண்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

'கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ?' என்ற தயக்கம் வேண்டாம். சுத்தமாக வேலை செய்பவர், சந்தோஷமாகவே பதில் சொல்வார்!