மொட்டை மாடிக்கு வாட்டம் எங்கே?

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சீலிங் ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பேரன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற இடம். நல்லவேளை, தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான்.

2009இல் பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. "சுருக்கியெல்லாம் இப்ப யாரு சார் போடுறாங்க? வெயிட்டு வேற. மேல கெமிக்கல் அடிச்சுக்கலாம்" என்றார் காண்ட்ராக்டர். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்திய நான் தலையாட்டினேன். மிச்சமான பணத்தில் வாசலுக்குக் கிரானைட் போட்டேன். அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

இப்போது கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 9,300 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர். அது வடிய 20 அடிக்கு 3 அங்குலமாவது வாட்டம் வேண்டாமா? என் மாடியில் மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் காக்கா குளிக்கிறது.

பெயிண்ட் காப்பாற்றும் என்கிறார்கள். சித்திரை வெயிலில் தளம் விரிகிறது, திடீர் மழையில் சுருங்குகிறது. விரிசலோடு பெயிண்டும் கிழிகிறது. உள்ளே இறங்கிய தண்ணீரில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டையே தள்ளிவிடுகிறது. எங்கள் சீலிங்கில் இப்போது கம்பி பல்லிளிக்கிறது. பத்து வருஷ கேரண்டி கார்டு என்னிடம் இரண்டு இருக்கின்றன. கொடுத்த இருவருமே போனை எடுப்பதில்லை.

என் அப்பா வீட்டுக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்தார்கள். அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அதையே இன்றும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சுருக்கி பாரம்தான், அந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்த்து டிசைன் போடுவதற்குத்தானே இன்ஜினியருக்குச் சம்பளம்? நல்ல கெமிக்கலும் இருக்கிறது. ஆனால் வாட்டமில்லாத தளத்தில், ஈரம் காயாமல், அவசரத்தில் பூசினால் எந்தக் கெமிக்கல் நிற்கும்?

வாட்டம் வைப்பது, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை உருட்டிப் பூசுவது, வடிகுழாயை அடைத்துப் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் கீழே ஒழுகுகிறதா என்று பார்ப்பது. இதற்கெல்லாம் எந்த டப்பாவும் வாங்க வேண்டாம். இதைக் கேட்காமல், எலிவேஷனுக்கு என்ன கலர் என்று ஒரு மாதம் சண்டை போடுகிறோம். மாடிக்குக் கடைசியில் மிஞ்சிய சில்லறை.

தை பிறந்ததும் பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். கொத்தனார் பிள்ளை என் பழைய மாணவன்தான். இருந்தாலும் டியூப் லெவலின் ஒரு முனையை நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.