குடும்பப் போட்டோ எங்கே இருக்கிறது, சாவி யார் கையில்?

சென்னை வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை கேமராவைத் தூக்கிக்கொண்டு லடாக், ஹம்பி, வியட்நாம் என்று கிளம்பிவிடுவார். ‘ஏங்க, ஆபீஸ்லயும் சர்வர், வீட்லயும் சர்வரா? கூகுள்லதான் எல்லாம் தானா சேவ் ஆகுதே, அப்புறம் இது எதுக்கு?’ என்று மனைவி கேட்கிறார். இப்படி ஒரு பெட்டி ஓடும் எல்லா வீடுகளிலும் கேட்கிற கேள்விதான் இது.

கேள்வி நியாயமானது. ஆனால் ‘தானா சேவ் ஆகுது’ என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. இன்று ஒரு குடும்பத்தின் இருபது வருஷ நினைவுகள், அதாவது கல்யாணம், குழந்தையின் முதல் நடை, இறந்துபோன தாத்தாவின் குரல் எல்லாம், ஒரு இமெயில் ஐடிக்கும் ஒரு பாஸ்வேர்டுக்கும் பின்னால் அடைந்து கிடக்கின்றன.

15 ஜிபி எவ்வளவு நாள் வரும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் ‘ரா’ வடிவில் எடுக்கும் ஒரு படம் சுமார் 30 எம்பி. நாளைக்கு 300 படம் வீதம் பத்து நாள் பயணத்தில் 3,000 படம் சேரும். மொத்தம் 90 ஜிபி. கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. அதில் இந்த மாதிரிப் படம் 500 வைக்கலாம். இரண்டாம் நாள் சாயங்காலமே இடம் தீர்ந்துவிடும்.

காசு கட்டி இடம் வாங்கினாலும் அனுப்புகிற நேரம் இருக்கிறது. ஓட்டல் வைஃபை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் மேலே ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 ஜிபியை ஏற்றி முடிக்க 40 மணி நேரம் ஆகும். மலை ஊர்களில் அந்த வேகமும் கிடைக்காது. செல்போன் படம் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. கேமரா பிடிப்பவருக்குத் தினமும் இதே பாடுதான்.

இலவசம் எப்போது முடியும்?

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றது. கோடிக்கணக்கானோர் நம்பிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அதற்கு முன் ஏற்றிய சுருக்கிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விதியை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது.

அதற்கு முன்பே புகைப்படக்காரர்களுக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. ஃபிளிக்கர் 2013-ல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. 2018-ல் நிறுவனம் ஸ்மக்மக் கைக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான், அதற்கு மேல் இருந்தால் பழையவை நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மைஸ்பேஸ் கதை இன்னும் மோசம். சர்வர் மாற்றும்போது நடந்த கோளாறில், பல ஆண்டுகளாகப் பயனர்கள் ஏற்றிய பாட்டு, படம், வீடியோ போய்விட்டதாக 2019-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

கணக்கே பூட்டப்படுவதும் உண்டு. அமெரிக்காவில் ஒரு தந்தை, டாக்டர் கேட்டதற்காகத் தன் குழந்தையின் உடல் பாதிப்பைப் போட்டோ எடுத்தார். தானியங்கிச் சோதனை அதைத் தவறான படம் என்று கருதியது. கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கச் சோதனை தேவைதான். ஆனால் அது தவறும்போது மெயில், தொடர்பு எண்கள், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. முறையிட்டாலும் பதில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

வீட்டு சர்வர் என்றால் என்ன?

பேர்தான் பெரிசு. எப்போதும் இயங்கும் ஒரு சின்னக் கணினி, அதில் ஒன்றிரண்டு பெரிய ஹார்டு டிஸ்க், ஒரு லினக்ஸ், அவ்வளவுதான். அதன்மேல் இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், போட்டோபிரிசம் போன்ற திறந்த மூல மென்பொருளில் ஒன்றைப் போட்டால், வீட்டில் உள்ள எல்லார் போனிலிருந்தும் படங்கள் தானாக வந்து சேரும். தேதிவாரியாக அடுக்கும். முகம் பார்த்துப் பிரிக்கும். ‘கடற்கரை’ என்று தேடினால் கடற்கரைப் படங்களைக் காட்டும். இந்த வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கும். எந்தப் படமும் வெளி நிறுவனத்துக்குப் போக வேண்டியதில்லை.

கரன்ட் பில்? 10 வாட் இழுக்கும் சின்னப் பெட்டி மாதத்துக்குச் சுமார் 7 யூனிட் எடுக்கும். வீட்டில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பையே சர்வர் ஆக்கினால் கதை வேறு. அது 70 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை அந்தப் பெட்டி ஒன்றே சாப்பிட்டுவிடும். ‘சும்மா கிடக்குதே’ என்று பழைய மெஷினை எடுத்து ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வெளியூரில் இருந்து வீட்டுப் பெட்டியைத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. தெருப்பெயர் இருக்கும், கதவு எண் இருக்காது என்கிற மாதிரி. வெளியிலிருந்து வருகிறவருக்கு வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாது. வயர்கார்டு என்ற தொழில்நுட்பத்தில் இயங்கும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதைத் தீர்க்கின்றன. போனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே பூட்டிய சுரங்கப்பாதை ஒன்று போடுகின்றன. ஹனோய் ஓட்டலில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்ததில் பிடித்த ஐம்பது படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மிச்சத்துக்கு மெமரி கார்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போதும். கார்டு கேமராப் பையில் என்றால், எஸ்எஸ்டி துணிப் பையில். இரண்டையும் ஒரே பையில் போட்டால், பை தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும்.

சொந்தப் பெட்டி என்றால் பாதுகாப்பா?

இல்லை. வீட்டு சர்வர் பெருமை பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி இதுதான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை வைத்திருந்த பலர் காலையில் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. இணையம் வழியாக யாரோ அழித்துவிட்டார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கடைசியாக மென்பொருள் திருத்தம் வந்தது 2015-ல். பெட்டி வீட்டில்தான் இருந்தது, ஆனால் இணையத்துக்குக் கதவு திறந்தே கிடந்தது. அப்டேட் போடாத சர்வர், பூட்டாத வீடு மாதிரி.

‘ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வச்சிருக்கேன், கவலையில்ல’ என்பது இன்னொரு நம்பிக்கை. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேலை செய்யும் என்ற ஏற்பாடு மட்டுமே. தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் தண்ணீர். வேளச்சேரிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. 2015 வெள்ளத்தில் ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் தொலைந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட்டு நகல் கொடுத்தது. கல்யாண ஆல்பத்துக்கு நகல் கொடுக்கும் அலுவலகம் எங்கும் கிடையாது.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. அதைப் பிரபலப்படுத்தியவரும் ஒரு புகைப்படக்காரர்தான், அமெரிக்கரான பீட்டர் குரோக். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்வார்கள்.

வீட்டு அளவில் இதைச் செய்வது கஷ்டமில்லை. ஒரு பிரதி வேளச்சேரி சர்வரில். இன்னொன்று தனி ஹார்டு டிஸ்க்கில், மாதம் ஒருமுறை செருகி நகல் எடுத்து, கழற்றி உயரமான அலமாரியில். மூன்றாவது மதுரையில் அக்கா வீட்டிலோ, அல்லது மறையாக்கம் செய்து காசு கட்டிய கிளவுடிலோ. ஆம், கிளவுடிலும் வைக்கலாம். கிளவுட் கெட்டது என்பதல்ல வாதம். கிளவுட் மட்டுமே இருப்பதுதான் ஆபத்து. வீட்டு சர்வர் மட்டுமே இருப்பதும் அதே ஆபத்துதான்.

பெரிய நிறுவனத்தையே வீட்டுக் கணினி காப்பாற்றிய கதையும் உண்டு. 1998-ல் பிக்சாரில் ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. பேக்கப்பைத் திறந்தால் அது ஒழுங்காக வேலை செய்யவே இல்லை என்று தெரிந்தது. தொழில்நுட்பக் குழுவில் இருந்த கேலின் சஸ்மன் அப்போதுதான் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது இதில் இரண்டாவது பாடம். மாதம் ஒருமுறை பழைய படம் நாலைந்தை நகலிலிருந்து திறந்து பார்க்காதவர், நகல் இருக்கிறது என்று நம்புகிறாரே தவிர, அவருக்குத் தெரியாது.

நாளைக்கு அவர் இல்லையென்றால்?

வீட்டு சர்வர்களின் மிகப் பெரிய பலவீனம் டிஸ்க்கோ, கரன்ட்டோ, வெள்ளமோ அல்ல. அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒரே ஆள் என்பதுதான். பாஸ்வேர்டு அவர் மண்டைக்குள். டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதன் சாவி அவர் லேப்டாப்பில். பயணத்தில் ஒரு விபத்து என்றால், நினைவுகளைக் காப்பாற்றப் போட்ட பூட்டே குடும்பத்துக்கு எதிரான பூட்டாகிவிடும். கணவரை இழந்த பெண்ணிடம் ‘போர்ட் நம்பர் என்ன’ என்று கேட்டால் என்ன சொல்வார்?

இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்கள் பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். கணக்கு நீண்ட நாள் பயன்படாமல் இருந்தால் யாரிடம் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை கூகுள் 2013-லேயே கொண்டுவந்தது. ஆப்பிள் 2021-ல் வாரிசுத் தொடர்பு வசதியைச் சேர்த்தது. வசதி இருக்கிறதே தவிர, நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்? அதே சமயம், இரண்டு ஆண்டு திறக்காத கணக்கை நீக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023-ல் அறிவித்தது. அப்பா இறந்துபோய், அவர் போன் அலமாரியில் கிடக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே வீட்டு சர்வர் வைத்திருப்பவருக்குக் கூடுதல் கடமை இருக்கிறது. ஒரு தாள் போதும். பெட்டி எங்கே இருக்கிறது, எப்படி ஆன் செய்வது, பாஸ்வேர்டு என்ன, நகல் டிஸ்க் எந்த அலமாரியில், சிக்கல் என்றால் எந்த நண்பரைக் கூப்பிடலாம். தமிழில், கையால் எழுதி, நகைப்பெட்டியும் பத்திரமும் இருக்கும் பீரோவில் வைக்க வேண்டும். எழுதிய பிறகு அதை மனைவி கையில் கொடுத்து, ‘நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயே திறந்து பாரு’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவரால் திறக்க முடியவில்லை என்றால் தாளைத் திருத்தி எழுத வேண்டும். நகல் டிஸ்க்கில் படங்களைச் சாதாரண போல்டர்களாக, மறையாக்கம் இல்லாமல் வைத்தால் இன்னும் நல்லது. எந்த கம்ப்யூட்டரில் செருகினாலும் திறக்கும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால், வீட்டு சர்வர் வேண்டாம். காசு கட்டிய கிளவுடும், வருஷம் ஒருமுறை நகல் எடுக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்குமே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செய்ய முடிகிறவர் செய்யலாம், ஆனால் முழுசாகச் செய்ய வேண்டும்.

‘அந்தப் பெட்டி எதுக்கு?’ என்று கேட்ட மனைவியால், கணவர் லடாக்கில் இருக்கும்போது, மகளின் முதல் பிறந்தநாள் வீடியோவைத் தானே தேடிப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அந்தப் பெட்டிக்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது. முடியவில்லை என்றால், அது இன்னும் ஒருவருடைய பொழுதுபோக்குதான்.