அரிசி உண்டு, வழி எங்கே? விதுரா மலையூர்கள் காட்டும் உணவுப் பாதுகாப்பின் இடைவெளி

திருவனந்தபுரம்: கடும் வறுமை இல்லாத மாநிலமாகக் கேரளத்தை 2025 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் அறிவித்தார். உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு 64,006 குடும்பங்கள் முன்னரே அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றில் 20,648 குடும்பங்களுக்கு அன்றாட உணவு உறுதி செய்யப்பட்டதாக அரசு தெரிவித்தது. பொருளாதார அறிஞர்கள் சிலரும் பழங்குடி அமைப்புகளும் இந்த அறிவிப்பைக் கேள்விக்குள்ளாக்கினர்.

இந்த விவாதத்தில் எண்ணிக்கை அளவுக்கு இடமும் முக்கியம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், அகத்தியர்மலைத் தொடரின் மேற்குச் சரிவில் அமைந்துள்ளது விதுரா. காணிக்காரர் பழங்குடியினரின் வனக் குடியிருப்புகளும், பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கும் போனக்காடு தேயிலைத் தோட்டமும் இந்தப் பகுதியில் உள்ளன. இங்கு உணவுப் பாதுகாப்பு என்பது அரிசி இருக்கிறதா என்பதோடு முடிவதில்லை. அது வீடு வரை வந்து சேருகிறதா, அதனுடன் சேர்த்து உண்ண வேறு என்ன இருக்கிறது என்ற கேள்விகளும் எழுகின்றன.

உணவு வங்கியும் சட்ட உரிமையும்

உலகின் முதல் உணவு வங்கி 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. கடைகளில் விற்காமல் எஞ்சும் உணவைத் திரட்டி, தொண்டு அமைப்புகள் வழியாக ஏழைகளுக்கு வழங்குவதே அதன் முறை. பெறுவோருக்கு அது உதவி மட்டுமே, உரிமை அன்று.

இந்தியாவில் அந்தப் பொறுப்பு அரசிடம் உள்ளது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு தானியத்தை உரிமையாக்கியது. கேரளம் 2016 நவம்பரில் அதை நடைமுறைப்படுத்தியது. மாநிலத்தில் சுமார் 1.54 கோடி பேர் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றனர். மஞ்சள் அட்டை வைத்துள்ள அந்தியோதயா குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோவும், இளஞ்சிவப்பு அட்டைக் குடும்பங்களில் நபருக்கு 5 கிலோவும் தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் மத்திய அரசு இதை இலவசமாக வழங்குகிறது. உரிய தானியம் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி பெறவும் சட்டத்தின் 8-ஆவது பிரிவு வழிவகுக்கிறது.

இடைவெளி எங்கே?

முதல் இடைவெளி தொலைவு. தானியத்தை ரேஷன் கடை வாசல் வரை கொண்டு சேர்ப்பது அரசின் கடமை. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்வது குடும்பத்தின் பொறுப்பு. காட்டுப்பாதையைக் கடந்து வருபவருக்கு ஒரு நாள் கூலியும் ஜீப் வாடகையும் செலவாகுமானால், இலவச அரிசிக்கும் விலை வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இந்தச் சுமை மேலும் கூடும்.

இரண்டாவது, கைரேகைப் பதிவு. ரேஷன் கடை இயந்திரம் இணைய இணைப்பை நம்பி இயங்குகிறது. 2023 ஏப்ரலில் சர்வர் கோளாறால் கேரளம் முழுவதும் ரேஷன் விநியோகம் நிறுத்திவைக்கப்பட்டது. நகரத்தவர் மறுநாள் மீண்டும் கடைக்குச் செல்லலாம். மலையூரிலிருந்து இறங்கி வந்தவருக்கு அது இரண்டாவது பயணம்.

மூன்றாவது, தட்டில் உள்ள உணவின் தரம். மாதம் 5 கிலோ என்பது ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 165 கிராம் மட்டுமே. பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை ஆகியவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். கூலி நின்றுபோன தோட்டத்து லயங்களில் இந்தச் சிக்கல் கூர்மையானது. ஓணத்தை ஒட்டி, மூடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு மாநில அரசு உதவித்தொகையுடன் அரிசியும் தேங்காய் எண்ணெயும் வழங்குவது வழக்கம். ஆனால் அது பண்டிகைக்கால உதவியே.

கேரளத்தின் முயற்சிகள்

இந்த இடைவெளிகளை நிரப்பும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வாகனத்தில் தானியம் கொண்டு செல்லும் நடமாடும் ரேஷன் கடைகள் இயக்கப்படுகின்றன. கடைக்கு வர இயலாதோரின் வீடுகளுக்கு ஆட்டோ ஓட்டுநர்கள் மூலம் பொருள்களைச் சேர்க்கும் 'ஒப்பம்' திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது.

சமைத்த உணவிலும் அனுபவம் உண்டு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும், வீடுகளிலிருந்து திரட்டிய பொதிச்சோற்றை டிஒய்எஃப்ஐ அமைப்பு 2017 முதல் வழங்கி வருகிறது. உணவு வங்கிக்கு மிக நெருக்கமான கேரள வடிவம் இதுவே எனலாம். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் நடத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உணவகங்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு அளித்தன. சாப்பாட்டுக்கு 10 ரூபாய் வீதம் வழங்கப்பட்ட அரசு மானியம் 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதும் விலை 30 ரூபாயாக உயர்ந்தது. நிதி உறுதி இல்லாத உதவி எவ்வளவு எளிதில் தடுமாறும் என்பதற்கு இது சான்று.

அடுத்து என்ன?

விதுரா போன்ற ஊராட்சிகளுக்கு ஓர் உணவு வங்கி தேவையெனில், அது ரேஷனுக்கு மாற்றாக அன்றி, அதன் குறைகளை நிரப்புவதாக அமைய வேண்டும். பருப்பு, எண்ணெய், முட்டை போன்றவற்றை அது வழங்கலாம். மழைக்காலத்துக்கு முன்பே மலையூர்களில் இருப்பு வைக்கலாம். அட்டையோ ஆதாரோ இல்லாதவரும் பட்டினி கிடக்காதபடி, பயனாளிகள் பட்டியலை ஊர்க்கூட்டமும் ஆஷா பணியாளர்களும் சேர்ந்து தயாரிக்கலாம். இதற்கான நிதியை ஆண்டுத் திட்டத்திலேயே ஊராட்சி ஒதுக்கினால், நன்கொடையாளரின் மனநிலையைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

இது கேரளத்தின் சிக்கல் மட்டுமல்ல. இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், தமிழகத்தின் பாபநாசம் வனப்பகுதியிலும் காணிக்காரர் வாழ்கின்றனர். எல்லைக்கு இருபுறமும் கிடங்குகளில் அரிசி உண்டு. கடும் வறுமை ஒழிந்ததா என்பதை அறிய, அந்த அரிசி மாதந்தோறும் கடைசிக் குடியிருப்பு வரை போய்ச் சேர்ந்ததா என்ற கணக்கே உதவும்.